பாடம் எடுக்காதீர்கள், குழாயைப் பாருங்கள்

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆஸ்திரேலியாவில் 'க்ளோஸ் த கேப்' (இடைவெளியை மூடு) நாள் வருகிறது. பழங்குடி மக்களும் டோரஸ் நீரிணைத் தீவினரும் மற்றவர்களைப் போலவே நலமாக, நீண்ட நாள் வாழ வேண்டும் என்று குரல் கொடுக்கும் நாள். 2020–22 கணக்குப்படி அவர்களில் ஆண்களின் சராசரி ஆயுள் 71.9, மற்ற ஆண்களைவிட 8.8 ஆண்டு குறைவு.

இதைக் கேட்டு மனம் கனத்து உதவ வருபவர்கள்கூட முதலில் சொல்வது, "சுத்தமாக இருக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்பதுதான். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

ருமாட்டிக் இதயநோயையே பாருங்கள். தொண்டையிலோ தோலிலோ ஸ்ட்ரெப் கிருமி திரும்பத் திரும்பத் தொற்றி, கடைசியில் குழந்தையின் இதய வால்வு கெடுகிறது. அப்புறம் பல வருடங்களுக்கு, நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. கெட்டியான மருந்து; போட்ட இடம் நன்றாக வலிக்கும். பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டி, படுக்கை விரிப்பைத் துவைத்தால் தொற்று குறையும். சரி, ஷவர் ரிப்பேராகிக் கிடக்கும் வீட்டில், ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும்போது அந்தத் தாய் என்ன செய்வாள்?

தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் பழங்குடி மக்களே நடத்தும் ங்கானம்பா சுகாதார மன்றம் பங்கேற்ற 1987 ஆய்வு, வீட்டில் இருக்க வேண்டிய வசதிகளை வரிசைப்படுத்தியது. முதலிடம் குளிப்பதற்கு, அடுத்தது துணி துவைப்பதற்கு. பிறகு வீடு வீடாகச் சோதித்தபோது, கோளாறுகளில் பெரும்பங்கு பராமரிப்பே இல்லாததால் வந்தவை. குடியிருப்பவர்கள் உடைத்தது சொற்பம். இந்த நாளுக்காக நாம் அடிக்கும் துண்டறிக்கையில் சோப்புப் படத்துக்குப் பதிலாக, பிளம்பரை அனுப்பச் சொல்லும் கோரிக்கை இருக்கட்டும்.

பழங்குடி மக்களைக் கேட்காமல் மருத்துவ முகாம் போடாதீர்கள். 1971-லேயே சிட்னியின் ரெட்ஃபெர்னில் தங்களுக்கான மருத்துவ சேவையைத் தாங்களே தொடங்கியவர்கள் அவர்கள். அந்தச் சேவைகளுக்கு நிதி கேளுங்கள்.

'க்ளோஸ் த கேப்', 'க்ளோசிங் த கேப்' இரண்டையும் குழப்ப வேண்டாம். முன்னது, அன்று பழங்குடியினர் சமூகநீதி ஆணையராக இருந்த டாம் கால்மாவின் 2005 அறிக்கையிலிருந்து பிறந்த மக்கள் இயக்கம். பின்னது அரசுத் திட்டம். அதை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொன்று. இறந்தவரின் பெயரையும் படத்தையும் பல சமூகங்கள் துக்க காலத்தில் தவிர்க்கின்றன. போஸ்டர் அடிக்கும் முன் குடும்பத்தாரிடம் கேளுங்கள். போன வருடப் போஸ்டரை மறுபடி ஒட்டுவதற்கு முன்னும் கேளுங்கள்.