வயர் வைத்த ஃபேன் கிளட்சைத் தூக்கிவிட்டு மெக்கானிக்கல் போடுவதற்கு முன்

சூடு ஏறும்போது மட்டும் ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு பிடித்துச் சுற்றவைப்பதுதான் ஃபேன் கிளட்ச். வயர் வைத்தது எலக்ட்ரானிக், பழையது மெக்கானிக்கல். அறுவடை நேரத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் பலர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "ஃபேன் எந்நேரமும் இரைஞ்சுகிட்டே இருக்குண்ணே, டீசல் குடிக்குது. அந்த வயர் வச்ச கிளட்சே வேணாம், பழைய மாதிரி போட்டு விட்ருங்க." போட்டுவிடலாம்தான். அவசரப்பட்டால் கிளட்ச் காசோடு ரேடியேட்டரும் போகும்.

பெரிய தவறு, கெடாத கிளட்சைக் கழற்றுவது. இரண்டு வகையிலும் உள்ளே இருப்பது சிலிகோன் ஆயில்தான். ஃபேனைப் பிடிக்க எவ்வளவு ஆயில் வர வேண்டும் என்பதை எலக்ட்ரானிக்கில் இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) முடிவு செய்கிறது. கூலன்ட் சூடு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு, ஏசி எல்லாம் பார்த்து வால்வுக்குக் கரன்ட் கொடுக்கும். கரன்ட் வராவிட்டால் ஃபேனை முழுதாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்த வகைகள் பல உண்டு. இன்ஜின் கொதித்துவிடக் கூடாதே என்ற ஏற்பாடு. ஆக, ஓயாமல் இரைகிற ஃபேனுக்குக் காரணம் அறுந்த வயராக இருக்கலாம், கப்ளரில் (வயரைச் செருகும் இணைப்பில்) பூத்த பச்சைக் களிம்பாகவும் இருக்கலாம். வேதாரண்யத்தில் உப்பு ஏற்றும் வண்டி என்றால் நான் முதலில் கை வைப்பது கப்ளரில்தான். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் கிளட்சில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

மெக்கானிக்கலுக்குக் காது கிடையாது, தோல்தான் உண்டு. முகப்பில் உள்ள பைமெட்டல் (இரட்டை உலோக) சுருள், ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூடு பட்டு முறுக்கிக்கொண்டு வால்வைத் திறக்கும். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நெல் மூட்டையும் வைக்கோல் கட்டும் ஏற்றும் நம் வண்டிகளில் இதுதான் வினை. இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பதரும் சுணையும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். காற்று அடைபட்டால் சுருளுக்குச் சூடு போய்ச் சேராது, ஃபேன் தாமதமாகப் பிடிக்கும், அதற்குள் ஹீட் முள் ஏறிவிடும். பழி புதுக் கிளட்ச் மேல். ஃபேனைக் கழற்றிய கையோடு இன்டர்கூலரைத் தளர்த்தி, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடியுங்கள். பிரஷர் அதிகம் வைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கும். ஃபேனைச் சுற்றியுள்ள கூடு (கவுல்) உடைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஹீட்டுக்குப் பயந்து, ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றும்படி கிளட்சையே போல்ட் போட்டு இறுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் சக்தி எட்டு மடங்கு. டீசல் மிச்சம் பண்ண வந்தவருக்கு இது தேவையா?

போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்று ஏதோ ஒரு கிளட்சை மாட்டுவது இன்னொன்று. ஃபேனின் விட்டம், சுற்றும் திசை, கிளட்சின் உயரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். உயரம் குறைந்தால் ஃபேன் கவுலை விட்டு வெளியே நின்று அதே காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். கூடினால் ரேடியேட்டரை ஒட்டிவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் இறங்கும்போது பிளாஸ்டிக் இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். நடுவில் பெரிய நட்டு உள்ள மாடலில் மரை வலதா இடதா என்று பார்க்காமல் பைப் மாட்டி இழுக்காதீர்கள். வாட்டர் பம்ப் ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

நான் செய்த ஒரு கூத்து: புதுக் கிளட்சை இரவெல்லாம் பெஞ்சில் படுக்கப் போட்டுவிட்டேன். காலையில் பேரிங் பக்கம் ஆயில் கசிந்திருந்தது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். கப்ளரைத் தொங்கவிட்டால் இசிஎம் எரர் காட்டும், சில மாடலில் பிக்கப்பையும் குறைக்கும். ரெசிஸ்டர் செருகி ஏமாற்றலாம் என்பார்கள். ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்றும் இசிஎம் கேட்கும். அதற்கு ரெசிஸ்டர் என்ன பதில் சொல்லும்? வாரன்டி இருந்தால் அதற்கும் வம்பு.

மாட்டிய மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் உறுமும். ராத்திரி இறங்கி நின்ற ஆயில் அது, ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்காகத் திரும்பி வர வேண்டாம். சோதிக்க வேண்டுமானால் லோடோடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் போய் நில்லுங்கள். எதிர்க்காற்று இல்லை, ஏசி ஓடுகிறது, இன்ஜினும் ஓடுகிறது. முள் ஏறத் தொடங்கியதும் ஃபேன் சத்தம் மாறினால் சரி. மாறாமல் முள் மட்டும் ஏறினால் இன்ஜினை அணைத்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது திறந்துவிடாதீர்கள்.