கிராமை வைத்து முடிவு செய்யாதீர்கள்: வேதிவினைக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதிவினைக் கணக்கில் தவறு பெரும்பாலும் பெருக்கல், வகுத்தலில் நேர்வதில்லை. சமன்பாட்டை வாசிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3 சேர்ந்து அம்மோனியா 2 என்கிறது சமன்பாடு. இந்த எண்களைக் கிராம் என்று எடுத்துக்கொண்டால் 1 கிராமும் 3 கிராமும் சேர்ந்து வெறும் 2 கிராம் ஆகிவிடும். மீதி எங்கே போயிற்று? வினையில் மொத்த நிறை மாறாது என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். அவற்றை மோல், அதாவது துகள்களை எண்ணும் அலகு, என்று வாசியுங்கள்: 28 கிராம் நைட்ரஜன், 6 கிராம் ஹைட்ரஜன், 34 கிராம் அம்மோனியா. கணக்கு நேராகிவிடும்.

ஆகவே கிராமில் கொடுத்ததை முதலில் மோல் நிறையால், அதாவது 1 மோலின் கிராம் அளவால், வகுத்து மோலாக்க வேண்டும். அங்கேயும் கை வழுக்கும். ஆக்சிஜன் வாயுவுக்கு 32-ஆல் வகுக்காமல் 16-ஆல் வகுப்பவர்கள் ஏராளம். இன்னொன்று, அம்மோனியாவுக்கு முன்னால் 2 இருப்பதால் அதன் மோல் நிறையையே 34 என்று எழுதிவிடுவது. மோல் நிறை எப்போதும் 17தான். முன்னால் நிற்கும் எண் விகிதத்தில் மட்டும்தான் வரும்.

சமன் செய்யும்போது வாய்பாட்டுக்குள் இருக்கும் சிறிய எண்ணைத் தொடவே கூடாது. நீரில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் எண்ணிக்கை சரியாகலாம், ஆனால் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்.

எந்தப் பொருள் முதலில் தீரும் என்று கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பாடநூல்கள் இதை வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்கின்றன. குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று நினைப்பது இயல்பு. அது எவ்வளவு தவறு என்று பாருங்கள். 72 கிராம் மெக்னீசியத்தை 64 கிராம் ஆக்சிஜனில் எரிக்கிறோம். மெக்னீசியம் 3 மோல், ஆக்சிஜன் 2 மோல். கிராமிலும் சரி, மோலிலும் சரி, மெக்னீசியமே அதிகம். ஆனால் 1 மோல் ஆக்சிஜனுக்கு 2 மோல் மெக்னீசியம் வேண்டும். இருக்கிற ஆக்சிஜன் முழுக்கத் தீர 4 மோல் தேவை, நம்மிடம் 3தான். முதலில் தீர்வது மெக்னீசியமே! கிடைப்பது 3 மோல் மெக்னீசியம் ஆக்சைடு, அதாவது 120 கிராம். 16 கிராம் ஆக்சிஜன் மிஞ்சும். 72-ம் 64-ம் 136, 120-ம் 16-ம் 136. கடைசியில் இப்படி ஒருமுறை கூட்டிப் பார்ப்பது அரை நிமிட வேலை, பல தவறுகள் அங்கேயே பிடிபடும்.

சோதனையில் 120 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவே கையில் வரும். அதற்காகக் கணக்கைத் திருத்தாதீர்கள். 120 என்பது கிடைக்கக்கூடிய உச்ச அளவு.

அப்புறம், 1 மோலின் கனஅளவு என்று மனப்பாடம் செய்யும் 22.4 லிட்டர். இது வாயுக்களுக்கு மட்டும், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்தில். 25 டிகிரியில் அதே 1 மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். திரவ நீருக்கு இதைப் போட்டால் விடை தலைகீழாகிவிடும்: 1 மோல் நீர் வெறும் 18 மில்லிலிட்டர்தான்.