அப்பாக்கள் வருவதில்லையா? அழைப்பதில் நாம் செய்யும் தவறுகள்

அங்கன்வாடியில் எடை போடும் நாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் வாசலில் வந்து நிற்கிறார். "அம்மா வரவில்லையா?" என்பதுதான் அவர் காதில் விழும் முதல் கேள்வி. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் இது தனக்கான இடமில்லை என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அவர் வருவதில்லை. "ஆண்களுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது" என்று நாமும் சொல்லிவிடுகிறோம்.

எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது இந்த அவசரத் தீர்ப்புதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரைப் பயனாளிகளாகக் கொண்டது. தாய்க்கும் சேய்க்கும் அது அவசியமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலே நம் பழக்கமாகிவிட்டது. கூட்டத்தின் பெயர் தாய்மார்கள் கூட்டம். பதிவேட்டில் தகப்பனுக்கு இருப்பது பெயர் எழுதும் ஒரு கட்டம் மட்டுமே. சமுதாய வளைகாப்பில் மனைவிக்கு வளையல் அடுக்கும்போது, அழைத்துவந்த கணவர் வெளியே வண்டியருகே காத்திருக்கிறார். அன்றைக்கு அவரையும் உள்ளே உட்காரவைத்து, எந்த அறிகுறி தெரிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினால் என்ன? அதிக இரத்தப்போக்கு, வலிப்பு, கடுமையான தலைவலியோடு பார்வை மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல்: இவற்றை அவர் அறிந்திருந்தால் நள்ளிரவில் ஓர் உயிர் பிழைக்கலாம்.

நேரமும் அவருக்கு எதிராகவே இருக்கிறது. காலை பதினோரு மணிக் கூட்டத்துக்கு வந்தால் கொத்தனாருக்கும் தறி ஓட்டுபவருக்கும் அரை நாள் கூலி போய்விடும். மத்திய அரசில் வேலை செய்யும் ஆணுக்குக் குழந்தை பிறப்பையொட்டி 15 நாள் விடுப்பு உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்குத் தாய்க்கு 26 வாரம் தந்தது, தகப்பனுக்கு ஒரு நாளும் தரவில்லை. மாதத்தில் ஒரு முறையாவது மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூடினால் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வந்தவரிடம் எடுத்த எடுப்பில் குடியைப் பற்றி உபதேசம் செய்வதும் வேண்டாம். அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை வெற்று மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருக்கத் தகப்பனாலும் முடியும். தாய் உறங்கும் நேரத்தில் அந்தச் சிறு உடம்பு தன் நெஞ்சில் மூச்சுவிடுவதை உணர்ந்த ஆணுக்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படாது. வளைகுடாவில் வேலை செய்கிறவருக்குக் குழந்தையின் எடை அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். தகப்பன் இல்லாத வீட்டில் தாத்தாவையும் தாய்மாமனையும் அழைக்கலாம்.

இனிச் சொல்லப்போவது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஆண்களை வரவழைக்கும் ஆர்வத்தில் "கணவரோடு வந்தால்தான் பார்ப்போம்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், கணவரின் அடிக்குப் பயந்து வந்தவர் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தோடு திரும்பிப் போய்விடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மகப்பேற்றுக் கவனிப்பில் ஆண்களின் பங்கை ஊக்குவிக்கப் பரிந்துரைத்தபோதே, பெண்ணின் விருப்பத்தையும் சுயமுடிவையும் மதிக்கும் வகையில்தான் அதைச் செய்ய வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. கணவர் உடன் இருக்கலாமா என்று மனைவியிடம் கேளுங்கள், அதுவும் கணவர் இல்லாத இடத்தில். கணவரோடு வந்த பெண்ணுக்கும் ஒவ்வொரு முறையும் செவிலியரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடமாவது கிடைக்க வேண்டும். எடை, இரத்த அழுத்தம் பார்க்கும் நேரத்தையே அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டில் பயம் இருக்கிறது என்று அவர் சொன்னால், அன்று கணவரை அழைத்துச் சமாதானம் பேசாதீர்கள். 181 உதவி எண்ணைச் சொல்லுங்கள். அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம், வீட்டில் யார் கண்ணிலாவது படலாம்.