‘டிக்’ சத்தத்தோடு நின்றுபோன க்ரூஸர்

பழைய க்ரூஸர் பைக் வாங்கியதும் முதலில் படுத்தியது ஸ்டார்ட்டிங்தான். பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரியை மாற்றிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட், முழு சார்ஜ்! அப்புறம் எதற்கு மாற்றுவது?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை எஞ்சின் மீதும் வைத்து, பட்டனை அழுத்தினேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டியது 2 வோல்ட்டுக்கு மேல் போனது. பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் ஒயரில்தான் கோளாறு. அதன் போல்ட்டைத் திருகி எடுத்தால், அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. பேட்டரி ஒயர்களைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இதை மாற்றிச் செய்தால் ஸ்பானர் ஃபிரேமில் பட்டுப் பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, உப்புத்தாள் போட்டு, இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. ஓடும்போது 14 வோல்ட் வந்ததால் சார்ஜிங் பற்றியும் கவலை இல்லை.

அடுத்தது, கியர் போட்டதும் எஞ்சின் அணைவது. கிளட்சைச் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சினை அணைக்கும் சைட் ஸ்டாண்டு சுவிட்சின் குமிழ் சேற்றில் சிக்கி உள்ளேயே நின்றிருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை அழுத்தி விட்டேன், வேலை முடிந்தது. அந்தச் சுவிட்சை ஒயர் போட்டு ஓரங்கட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டாண்டை மடக்காமல் வளைவில் சாய்ந்தால் அது தரையில் இடிக்கும்.