விஆர் ஹெட்செட்டில் தூரம் குறைவாகத் தெரிகிறதா? அளந்து பார்த்துத் திருத்தும் முறை

கட்டப்போகும் வீட்டை விஆரில் (ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் உலகில்) சுற்றிப் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஹால் இவ்வளவு சின்னதா?" நேரில் தரையில் ஒரு குறியைக் காட்டிக் கண்ணை மூடி நடக்கச் சொன்னால், 20 மீட்டர் வரைக்கும் பெரும்பாலோர் கிட்டத்தட்டச் சரியான இடத்தில் நிற்பார்கள். ஹெட்செட்டுக்குள் அதே ஆட்கள் முன்னாடியே நின்றுவிடுவார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளை 2013-இல் தொகுத்துப் பார்த்தபோது, உண்மைத் தூரத்தில் சராசரியாக 74 சதவீதமே மதிப்பிடப்பட்டிருந்தது. புதிய ஹெட்செட்களில் இது மேம்பட்டிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் ஹெட்செட் மேல் போடுவதற்கு முன், நம் பக்கம் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, மாடலின் அளவு. விஆர் காட்சிகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் 1 யூனிட் என்பது 1 மீட்டர். அடிக்கணக்கில் வரைந்ததை 0.3048-ஆல் பெருக்காமல் கொண்டுவந்தால் 10 அடி அறை 10 மீட்டராகிவிடும். இந்த மாதிரிப் பிழை பார்த்ததுமே தெரிந்துவிடும். யாரோ "கொஞ்சம் பெரிசாக்கலாம்" என்று வைத்துவிட்டுப் போன 1.1 மடங்கு ஸ்கேல்தான் ஆபத்து. ஒரு நிஜ மேசையை அளந்து அதே அளவில் மாடல் செய்து, அதே இடத்தில் வையுங்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் மேசையின் நான்கு மூலைகளையும் தொட்டால் குட்டு வெளிப்படும்.

இரண்டாவது, தரை மட்டம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தரையில் உள்ள பொருளைப் பார்க்க எவ்வளவு கீழ்நோக்கிப் பார்க்கிறோமோ, அந்தக் கோணத்தையும் நம் கண் உயரத்தையும் வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. உங்கள் கண் உயரம் 1.50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரை தவறாகப் பதிவாகி விஆர் கேமரா 1.65 மீட்டரில் நின்றால், 4 மீட்டரில் உள்ள குறி இன்னும் செங்குத்தான கோணத்தில் தெரியும். இந்தக் கணக்கின்படி அது 3.64 மீட்டர்தான். கேமரா 15 செ.மீ. தாழ்ந்தால் அதே குறி 4.44 மீட்டருக்குத் தள்ளிப்போகும். கன்ட்ரோலரைத் தரையில் வைத்துப் பாருங்கள். விஆர் தரையில் அது புதைந்தாலோ மிதந்தாலோ தரையை மறுபடி அமையுங்கள். யூனிட்டியில், பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எக்ஸ்ஆர் ஆரிஜினின் டிராக்கிங் முறை 'ஃப்ளோர்' என்று இருக்க வேண்டும். 'டிவைஸ்' என்றிருந்தால் குட்டையானவரும் நெட்டையானவரும் ஒரே கண் உயரத்தில் தொடங்குவார்கள்.

மூன்றாவது, கண்மணிகளுக்கு இடையிலான தூரம். கண்ணாடி முன் 20 செ.மீ. தள்ளி நின்று, மி.மீ. ஸ்கேலைப் புருவத்தின் மேல் வையுங்கள். வலக்கண்ணை மூடி, 0 கோட்டை இடக்கண்மணியின் நடுவுக்கு நேராக்குங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மாற்றி, வலக்கண்மணிக்கு நேரே வரும் எண்ணைப் படியுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. மெட்டாவின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான். குவெஸ்ட் 3-இல் சக்கரத்தைத் திருப்பிச் சரியாக வைக்கலாம். உங்கள் அளவைவிட அகலமான இடைவெளியில் படம் உருவானால், உலகமே பொம்மை வீடு போலச் சுருங்கித் தெரியும்.

இனிச் சோதனை. "எத்தனை அடி இருக்கும்?" என்று வாயால் கேட்காதீர்கள், நேரில் கேட்டாலே பலர் குறைத்துத்தான் சொல்வார்கள். நடக்க வையுங்கள். தடையில்லாத 8 மீட்டர் நீளம் வேண்டும்.

1. சோதனைக்கு வந்த ஆளைக் கண்ணைக் கட்டி ஐந்து நிமிடம் நடக்கப் பழக்குங்கள். இடித்துக்கொள்வோமோ என்ற பயத்திலேயே ஆட்கள் சீக்கிரம் நிற்பார்கள். அதையும் சேர்த்து அளந்தால் கணக்கு கெட்டது.
2. 2.2, 3.4, 4.6 மீட்டர் போல முழு எண் இல்லாத தூரங்களில் தரையில் ஒரு வட்டைக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் மூன்று முறை, வரிசை கலைத்து.
3. ஐந்து விநாடி பார்த்ததும் திரையைக் கறுப்பாக்குங்கள். அவர் நடந்து நிற்கட்டும். கிடைமட்டத்தில் ஹெட்செட் நகர்ந்த தூரத்தைப் பதிவு செய்யுங்கள்.
4. திரை கறுப்பாக இருக்கும்போதே, சுற்றுவழியாகக் கைப்பிடித்துத் திரும்பக் கூட்டிவாருங்கள். எவ்வளவு தப்பினார் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த முறையே திருத்திக்கொள்வார்.
5. விஆர் சுற்று முடிந்த பிறகு, அதே தூரங்களை நிஜ ஹாலில் நடக்க வையுங்கள். நிஜத்தை முதலில் வைத்தால் அந்த அனுபவம் விஆர் முடிவைப் பாதிக்கும்.

விஆர் சராசரியை நிஜச் சராசரியால் வகுத்தால் வருவதே உங்களுக்கு வேண்டிய எண். பாதுகாப்பு எல்லையை நெருங்கும்போது ஹெட்செட் காட்டும் வலை நடுவில் தோன்றினால் அந்த நடையைக் கழித்துவிடுங்கள். ஒரே மூலையில் ஓடும் மின்விசிறிச் சத்தமும் எங்கே நிற்கிறோம் என்று துப்புக் கொடுக்கும், அணைத்துவிடுங்கள். இடம் போதாவிட்டால், சிறு மணல் பையைக் குறியில் விழும்படி எறியச் சொல்லலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் அந்த எண் 85 சதவீதம்தான் வருகிறதா? அறையை நீட்டாதீர்கள். நீட்டினால் கதவும் சமையல் மேடையும் பொய்யாகிவிடும். கண் திறந்தபடியே விஆருக்குள் சில நிமிடம் காலால் நடந்தாலே மதிப்பீடு நன்றாகத் தேறும். ஜாய்ஸ்டிக்கில் நகர்வதை இதற்கு நம்ப வேண்டாம். தாங்கள் நிற்கும் அதே அறையின் நகலை விஆரில் முதலில் காட்டுவதும் நல்ல தொடக்கம். வெறும் வெள்ளைத் தரையைவிட 60 செ.மீ. டைல்ஸ் கோடுள்ள தரை நல்லது.

கைக்கெட்டும் தூரக் கதை வேறு. லென்ஸின் குவியம் மீட்டர் கணக்கில் தள்ளி ஒரே இடத்தில் நிலைத்திருக்க, கிட்டத்தில் உள்ள பொருளைப் பார்க்க இரு கண்களும் 40 செ.மீ.க்குக் குவிகின்றன. கண் வலிக்கும், தூரமும் குழம்பும். வாசிக்க வேண்டிய பலகைகளை 1 மீட்டருக்கு அப்பால் வையுங்கள்.