முகத்தில் சிவப்புக் கோடுகளா? முதலில் கிரீம் டப்பாவைப் பாருங்கள்

யாங்கோன் அனோரதா ரோட்டுக் காளி கோயிலில் சின்னம்மாவைப் பார்த்தேன். கன்னத்துத் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த பூச்சு) வியர்வையில் கரைந்த இடத்தில், மூக்கோரமாக நூல் நூலாகச் சிவப்புக் கோடுகள். "நரம்பு தெரியுதுடி, அதுக்குத்தான் கிரீம் போடுறேன்" என்று பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். பேர் இல்லை, என்ன மருந்து என்று ஒரு வரி இல்லை. யாரோ கலந்து விற்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நரம்பு என்று நாம் சொன்னாலும் அது ரத்தக்குழாய். தோலின் மேலடுக்கை ஒட்டி ஓடும் நுண்ணிய குழாய்கள் விரிந்து, மறுபடி சுருங்காமல் நின்றுவிடுகின்றன. கண்ணாடி டம்ளரின் அடியை வைத்து அழுத்தினால் கோடு மறையும்; எடுத்ததும் ரத்தம் ஏறித் திரும்பத் தெரியும். வெயில், வயது, குடும்பவாகு, ரோசேசியா என்ற தோல் நோய் எல்லாம் காரணம். நம் மாநிறத்தில் ரோசேசியாவின் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. அடுப்படியில் நின்றாலோ காரம் தின்றாலோ முகம் எரிகிறதென்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

இனி அந்த டப்பா. முகத்தை வெளுக்க வைக்கும் இப்படிப்பட்ட கிரீம்களில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகளைக் கலப்பது நடக்கிறது. ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும். அதனால் முதல் சில வாரம் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று இருக்கும். நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். மாதக்கணக்கில் பூசும்போது தோல் மெலிகிறது, குழாயைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது, கோடுகள் பெருகுகின்றன. எதைப் போக்க வாங்கினாரோ அதையே அந்த டப்பா வளர்த்துக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் சின்னம்மா, "அப்போ இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்றார். அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. பல மாதம் பூசியதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும், சிவக்கும், பொரிப்பொரியாக வரும். பயந்துபோய்த் திரும்பவும் அதையே பூசுவோம். அதனால் டப்பாவோடு தோல் டாக்டரிடம் போய், அவர் சொல்கிறபடி நிறுத்துவதே நல்லது.

தனாக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லில் அரைத்துப் பூசினால் வரும் அந்தக் குளுமைக்கு ஈடு இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மத்தியான வெயிலில் நிற்காதீர்கள். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். குடையும் வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, ஸ்கிரப், ஆவி பிடிப்பது எதுவும் கோட்டை அழிக்காது, தோலைத்தான் புண்ணாக்கும். ஊசியால் குத்தவே கூடாது. மூக்கைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களுக்கு மூளைப் பக்கம் தொடர்பு உண்டு, அங்கே சீழ் பிடித்தால் ஆபத்து.

விரிந்துபோன குழாயை மூட லேசர் இருக்கிறது. அதையும் பார்லரில் செய்துகொள்ளாதீர்கள். லேசர் ஒளியை நம் தோலின் கருமையும் உறிஞ்சும். அளவு தப்பினால் சூடுபட்டுக் கருந்தழும்போ வெள்ளைத் தழும்போ விழும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற வகை லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது என்பார்கள். "என்ன லேசர்? முதலில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். ஒரே தடவையில் தீராது, சில வார இடைவெளியில் சில முறை போக வேண்டிவரும்.

நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக்கால் போலக் கோடுகள் பிரிவது வேறு வகை. கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே மறையும். மற்றபடி பெரியவர்களுக்குத் திடீரென்று பல இடங்களில் கிளம்பினால், கல்லீரலைச் சோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.