டையோகா கணவாய் வழியாக டெத் வேலிக்கு: முதல்முறை செல்வோருக்கான சாலைப் பயண வழிமுறை

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மேற்குப் பக்கமாக ஏறி, 9,945 அடி (3,031 மீட்டர்) உயரத்திலுள்ள டையோகா கணவாயைக் கடந்து, கிழக்கே இறங்கித் தெற்காகச் சென்றால், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் டெத் வேலியின் உப்புத் தரையை அடையலாம். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுவதால் கிழக்குப் பக்கம் மழைமறைவுப் பகுதியாகிவிட்டது. டெத் வேலியில் ஆண்டுக்குச் சுமார் 2 அங்குல மழைதான் பெய்கிறது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து காரில் புறப்படுவோரை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

படி 1: தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தப் பயணத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் தேதியில்தான் இருக்கிறது. டையோகா சாலை பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும். வழக்கமாக மே இறுதியிலோ ஜூனிலோ திறந்து, நவம்பரில் மூடப்படும். பனி மிகுந்த 2023இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தார்கள். ஆனால் சாலை திறந்திருக்கும் அந்தக் கோடை மாதங்களில்தான் பாலைவனம் கொதிக்கிறது. டெத் வேலியின் நடுவிலுள்ள ஃபர்னஸ் கிரீக்கில் ஜூலை மாதச் சராசரிப் பகல் வெப்பம் ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸ். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரியே உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இன்றும் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ளது. ஆக, கணவாய் திறந்திருந்து பாலைவனமும் தணிந்திருக்கும் காலம் மிகக் குறுகியது. என் கணிப்பில் அக்டோபரின் முதல் மூன்று வாரங்களே தகுந்தவை: அப்போது பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் 34 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். இடையில் ஒரு பனிப்புயல் வந்தால் கணவாயைச் சில நாட்கள் மூடிவிடுவார்கள் என்பதால், ரத்து செய்யக்கூடிய விடுதி அறைகளையே முன்பதிவு செய்யுங்கள்.

பாலைவனச் சாலைகளையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மழை டெத் வேலிச் சாலைகளை அரித்துவிட, பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக் கிடந்தது. புறப்படும் காலையில் யோசெமிட்டி, டெத் வேலி ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களின் இணையதளங்களிலும் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: காரும் சாமான்களும்

இந்த வழி முழுவதும் தார்ச்சாலை என்பதால் சாதாரண செடான் காரே போதும், எஸ்.யு.வி. அவசியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அளவு, பிரேக், ஸ்டெப்னி உட்பட டயர்களின் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் எடுத்து, அதற்கு மேல் கூடுதலாக ஒரு கேனும் வைத்துக்கொள்ளுங்கள். கணவாயில் காற்று குளிரும் என்பதால் ஸ்வெட்டரும் வேண்டும். வழியின் பெரும்பகுதியில் கைப்பேசிச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வதோடு, அச்சிட்ட வரைபடம் ஒன்றையும் வைத்திருங்கள். டெத் வேலியில் ஜி.பி.எஸ். காட்டும் குறுக்குவழியை நம்பி மண்சாலைகளில் இறங்கிச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

படி 3: மலையேற்றம்

120ஆம் நெடுஞ்சாலையில் ஓக்டேல், குரோவ்லேண்ட் வழியாகச் செல்லுங்கள். குரோவ்லேண்டுக்கு முன்னால் பழைய பிரீஸ்ட் கிரேட், புதிய பிரீஸ்ட் கிரேட் என்று இரண்டு ஏற்றங்கள் பிரியும். பழையது குறுகலானது, மிகச் செங்குத்தானது. ஜி.பி.எஸ். அதைக் காட்டினாலும், புதியவர்கள் சுற்றிச் செல்லும் புதிய சாலையிலேயே போவது நல்லது. யோசெமிட்டிக்குள் கிரேன் பிளாட்டில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து கணவாய் 46 மைல் (74 கி.மீ.), அதற்குப் பிறகு 12 மைல் இறங்கினால் லீ வைனிங் ஊர்.

இந்தச் சாலையின் தொடக்கம், வெள்ளிச் சுரங்கம் ஒன்றுக்காக 1883இல் முடிக்கப்பட்ட வண்டிப்பாதை. சுரங்கம் விரைவிலேயே கைவிடப்பட்டது. பாதை மட்டும் நிலைத்தது. ஓம்ஸ்டெட் முனையில் காரை நிறுத்தினால், பனியாறுகள் தேய்த்து மழுங்கடித்த கருங்கல் பாறைகளுக்கு அப்பால் ஹாஃப் டோம் குன்றின் பின்புறம் தெரியும். அடுத்து டெனாயா ஏரிக்கரையில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். உயரத்தினால் சிலருக்கு லேசான தலைவலி வரும். தண்ணீர் குடித்து, வேகமான நடையைத் தவிர்த்தால் போதும்.

படி 4: இறக்கம்

இந்த வழியிலேயே கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். கணவாயைத் தாண்டியதும் சாலை மலைச்சுவரை ஒட்டிச் சரசரவென இறங்குகிறது. வலப்பக்கம் ஆழமான பள்ளம். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும், கருகிய வாடையும் வரும். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரை 'எல்' அல்லது '2' நிலைக்கு மாற்றி, வேகத்தை எஞ்சினே கட்டுப்படுத்தும்படி விடுங்கள். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்திக் குறைத்து, உடனே காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் அவசரப்பட்டால், ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள்.

கீழே மோனோ ஏரி. அதன் தென்கரையில் நிற்கும் சுண்ணாம்புத் தூண்கள் நீருக்கடியில், ஊற்றுநீரின் கால்சியம் ஏரியின் கார்பனேட்டோடு சேர்ந்து உருவானவை. 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் நீர்மட்டம் தாழ்ந்து, அவை வெளியே தெரியத் தொடங்கின.

படி 5: 395ஆம் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி

லீ வைனிங்கிலிருந்து பிஷப் வழியாக லோன் பைன் வரை சுமார் 200 கி.மீ. சாலை சீரானது. இரவு லோன் பைனில் தங்குங்கள். அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான விட்னி (14,505 அடி) ஊருக்கு நேர் மேற்கே நிற்கிறது. ஊருக்கு முன்பே வரும் மான்சனாரில், இரண்டாம் உலகப்போரின்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாமின் எச்சங்கள் உள்ளன. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

படி 6: பாலைவனத்துக்குள்

மறுநாள் விடியும் முன்பே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு 190ஆம் நெடுஞ்சாலையில் செல்லுங்கள். பானமின்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, 4,956 அடி உயரமுள்ள டவுன் கணவாயில் மீண்டும் ஏற வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் வெப்பமானி உயர்ந்தால் ஏ.சி.யை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மறுபக்கம் இறங்க, நேற்றைய கியர் பாடமே போதும்.

ஸ்டவ்பைப் வெல்ஸ் அருகே மெஸ்கீட் மணல்மேடுகள் வரும். பாலைவனம் என்றால் எங்கும் மணல் என்று எண்ணி வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இங்கே மணல்மேடு மிகச் சிறு பகுதிதான், மற்றதெல்லாம் பாறையும் சரளையும் உப்பும். மணலில் நடப்பதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 17 மைல் தெற்கே, தொடக்கத்தில் சொன்ன உப்புத் தரை இருக்கும் பேட்வாட்டர். அங்கே பலகோண வடிவங்களாக வெடித்த உப்புத் தரையின் ஓரங்கள் உயர்ந்து மொறுமொறுப்பாக நிற்கும். எதிரே பாறைச்சுவரின் உயரத்தில் கடல்மட்டம் இதுதான் என்று காட்டும் பலகை இருக்கிறது.

திரும்புவதற்கு வந்த வழியையே பிடிக்க வேண்டியதில்லை. ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து கிழக்கே பரம்ப் வழியாக லாஸ் வேகாஸ் இரண்டரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. வாடகைக் காரை அங்கேயே ஒப்படைத்துவிட்டு விமானத்தில் திரும்பலாம். அதற்கான கூடுதல் கட்டணத்தை மட்டும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.